தனியா ஆப் பண்றவங்க எங்க கத்துக்கறீங்க, ரூல் மாறுனது எல்லாம் எங்க படிக்கிறீங்க?

ஒட்டன்சத்திரம்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல்தடவையா கேள்வி போடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

பகல்ல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல உக்காந்து ஆண்ட்ராய்டு ஆப் பண்றேன். ஆப் பெருசா ஒண்ணும் இல்ல, பால் கணக்குதான். எங்க வீட்ல நாலு மாடு. அம்மா காலைலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறாங்க, எத்தன லிட்டர், ஃபேட் எவ்ளோ, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மிச்ச சத்து) எவ்ளோன்னு நாப்பது பக்க நோட்டு ஒண்ணுல எழுதி வெப்பாங்க, பத்து நாளைக்கு ஒருக்கா பட்டுவாடா வரும்போது தீவனத்துக்குப் பிடிச்சது போக மிச்சம் சரியா வந்திருக்கான்னு நான் கால்குலேட்டர்ல போட்டுப் பாப்பேன். அந்த நோட்டு ஒருநாள் பால் கேனுக்கு அடியில கிடந்து நனஞ்சு பாதிப் பக்கம் அழிஞ்சு போச்சு. அம்மா அன்னைக்குப் பூரா அந்த நோட்டை வெயில்ல விரிச்சு வெச்சுட்டு ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பாத்துட்டு இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரிதான் இத ஆப்பா பண்ணிடணும்னு உக்காந்தேன்.

முதல்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல காசு கட்டி ஆன்லைன் கோர்ஸ் சேந்தேன், ஆறாயிரம் ரூபா. மூணு மாசம் ஜாவா, எக்ஸ்எம்எல் லேஅவுட், ஏசிங்க்டாஸ்க் எல்லாம் உக்காந்து படிச்சேன். அப்புறம் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவ திறந்தா புது ப்ராஜெக்டே காட்லின்ங்கற மொழில, கம்போஸ்ங்கற திரை அமைக்கற முறைலதான் வருது, நான் படிச்சதுல பாதி அதுல காணோம். சரின்னு மறுபடி முதல்லருந்து யூடியூப் பாத்துப் பாத்து எப்படியோ ஆப்ப முடிச்சேன், அம்மா ரெண்டு மாசமா அதுலதான் எழுதறாங்க. பக்கத்து வீட்டு அக்காங்க எல்லாம் எங்களுக்கும் போட்டுக் குடுன்னு கேக்கவும், 25 டாலர் கட்டி, ப்ளே ஸ்டோர்ல ஆப் ஏத்தறதுக்கான ப்ளே கன்சோல் அக்கவுண்ட் திறந்தேன். அங்க போய்ப் பாத்தாதான் தெரியுது, 12 பேர் 14 நாள் விடாம டெஸ்ட் பண்ணாத்தான் ஆப்ப எல்லாருக்கும் வெளியிட அப்ளை பண்ணவே முடியுமாம். இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே ஆள் சேத்திருப்பேன்.

அதனால கேள்வி இதுதான். ஆபீஸ், டீம்னு இருக்கறவங்களுக்கு யாராவது சொல்லுவாங்க, நம்மள மாதிரி தனியா உக்காந்து பண்றவங்க இந்த ரூல் மாறுது அந்த ரூல் மாறுதுங்கற செய்திய எங்க படிக்கிறீங்க? அடுத்து கத்துக்க எத நம்பலாம், எது பழசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? எனக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும், வேகமா பேசினா கஷ்டம்.

இன்னொண்ணு, இது சின்ன விஷயம்தான், ஆனா தூங்க விட மாட்டேங்குது. பத்து நாள் கணக்குல என் ஆப் காட்டற தொகைக்கும் சொசைட்டி சீட்டுல வர்ற தொகைக்கும் எண்பது பைசா, ஒரு ரூபா வித்தியாசம் வருது. ஒவ்வொரு தடவையும் என் ஆப்புலதான் கூட. லிட்டர், ரேட் ரெண்டையும் டபுள்ல, அதான் தசமப்புள்ளியோட இருக்கற நம்பர் வகைல, வெச்சிருக்கேன்.

நொய்யல்:

தம்பி வணக்கமுங்க. நான் கோயமுத்தூருங்க, 2016ல இருந்து தனியாத்தான் ஆப் பண்ணிட்டு இருக்கேன், பம்புசெட்டு சர்வீஸ் கடைகளுக்கு ஒரு ஆப், பஸ் டைம் ஆப் ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

செய்திய ரெண்டா பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு, பாக்காம விட்டா ஆப்பே படுத்துரும் செய்தி. இன்னொண்ணு, தெரிஞ்சா நல்லாருக்கும் செய்தி. முதல் வகை ரொம்பக் கம்மிங்க, வருஷத்துக்கு நாலஞ்சுதான் வரும். ஆனா அதுக்குத் தேதி இருக்கும். டார்கெட் ஏபிஐ, அதாவது ஆப்பு எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காகப் பண்ணதுன்னு சொல்ற நம்பர், அந்த மாதிரி, வருஷா வருஷம் ஆகஸ்ட் 31ஐ ஒட்டி வரும். 2025 ஆகஸ்ட் 31ல இருந்து புது ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15, அதாவது ஏபிஐ 35ஐ டார்கெட் பண்ணியிருக்கணும். ஏற்கனவே ஸ்டோர்ல கெடக்கற ஆப்பு குறைஞ்சது 34ல இருக்கணும், இல்லீன்னா அதவிடப் புது ஆண்ட்ராய்டு இருக்கற போன்ல புதுசா தேடறவங்களுக்கு அது தெரியாது. நான் இதுல ஒருதடவை மாட்டுனேன். பழைய ஆளுங்க எல்லாரும் ஆப்ப நல்லா ஓட்டிட்டுத்தான் இருந்தாங்க, அதனால எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரு கடைக்காரரு புது போன் வாங்கிட்டு உங்க ஆப்பக் காணமேன்னு கூப்புட்டப்பதான் தெரிஞ்சது. மெயில் வந்துதான் இருந்துச்சு, நான் திறந்தே பாக்கல. தப்பு என்னுதுதான்.

அதனால மொத வேலையா ப்ளே கன்சோல்ல இருக்கற இன்பாக்ஸும் பாலிசி ஸ்டேட்டஸ் பக்கமும் வாரம் ஒருக்கா திறந்து பாருங்க, நான் திங்கக்கிழமை காலைல டீ குடிக்கறப்ப பாத்துருவேன். அக்கவுண்ட்டுக்குக் குடுத்த மெயில் தினமும் பாக்கற மெயிலா இருக்கட்டும். பாலிசி ஹெல்ப் பக்கத்துல டெட்லைன் எல்லாம் ஒரே எடத்துல போட்டிருப்பாங்க, அதப் பாத்து போன் காலண்டர்ல ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரிமைண்டர் போட்டு வெச்சிருங்க. ஆண்ட்ராய்டு டெவலப்பர்ஸ் ப்ளாக் அறிவிப்பு வர்ற எடம், அதையும் மாசம் ஒருக்கா புரட்டுனா போதும்.

இப்ப கவனிக்க வேண்டியது ரெண்டு மூணு இருக்கு. 16 கேபி பேஜ் சைஸ்னு ஒண்ணு, போன் மெமரியப் பிரிக்கற துண்டோட அளவு அது, 2025 நவம்பர் 1ல இருந்து ஆண்ட்ராய்டு 15ம் அதுக்கு மேலயும் டார்கெட் பண்ற ஆப்புக்குக் கட்டாயம். நீங்க சுத்தமா காட்லின் மட்டும் எழுதியிருந்தா பயமில்லீங்க, ஆனா நீங்க சேத்த லைப்ரரி ஏதாவது உள்ள சி, சி++ல எழுதுன நேட்டிவ் கோடு, அதான் எஸ்ஓ ஃபைல் வெச்சிருந்தா அதுவும் ஒத்துப் போகணும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஏபிகே அனலைசர்ல ஸ்டோர்ல ஏத்தற பண்டில் ஃபைல இழுத்துப் போட்டு லிப் ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது எட்ஜ் டு எட்ஜ். 35க்கு மாத்துன ஒடனே ஆண்ட்ராய்டு 15 போன்ல உங்க ஸ்க்ரீன் மேலயும் கீழயும் முழுசா விரிஞ்சிரும், எங்க ஆப்புல கீழ இருந்த சேமி பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில போயி பாதி மறைஞ்சு போச்சு. கம்போஸ்ல ஸ்காஃபோல்டுங்கற திரைச் சட்டம் குடுக்கற இன்னர் பேடிங்க, அதான் ஓரத்துல விடற இடைவெளிய, நீங்க வாங்கி உள்ள போட்டாத்தான் சரியாகும், நெறையப் பேரு அத வாங்கி சும்மா விட்டுருவாங்க.

மூணாவது, டெவலப்பர் வெரிஃபிகேஷன், அதான் ஆப் பண்றவங்க யாருன்னு கூகுள் அடையாளம் சரிபாக்கறது. ப்ளே ஸ்டோர் இல்லாம ஏபிகேவ, அதான் ஆப் ஃபைல, வாட்ஸாப்புல அனுப்பறவங்களுக்கும் இது வரும். 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாலு நாட்டுல ஆரம்பிக்கறாங்க, 2027ல இருந்து மத்த நாட்டுக்கும் வருது. நீங்க ப்ளே அக்கவுண்ட்ல அடையாளம் எல்லாம் குடுத்திருப்பீங்க, அதனால உங்களுக்குப் பெருசா இல்ல, ஆனா எஃப்-ட்ராய்டு மாதிரி பேரு, ஊரு கேக்காம ஆப்பு குடுக்கற எடங்களுக்கு இது பெரிய அடி. எனக்கு அதுல மனசு ஒப்பல.

ரெண்டாவது வகைச் செய்திக்கு ஆண்ட்ராய்டு வீக்லி நியூஸ்லெட்டர் ஒண்ணு போதுமுங்க. வேணும்னா காட்லின் வீக்லி. ரெண்டுக்கு மேல சேராதீங்க, படிக்கவே நேரம் போயிரும், எழுதறதுக்கு ராத்திரி மிச்சம் இருக்காது.

கத்துக்கறதுக்கு கூகுளோட ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ் கோர்ஸ் இலவசம், பெரும்பாலும் எழுத்துலயே இருக்கு, அதனால வேகமாப் பேசறாங்களேங்கற கவலை இல்ல. அதுல டேட்டா லேயர், போன்லயே டேட்டாவச் சேமிக்கற ரூம் வர்ற பகுதிய விடாமப் பண்ணுங்க. வீடியோன்னா பிலிப் லாக்னர் சேனல், வேகத்தக் கொறச்சு சப்டைட்டில் போட்டுக்கலாம். கூகுள் நவ் இன் ஆண்ட்ராய்டுன்னு ஒரு முழு ஆப்போட கோட கிட்ஹப்ல தொறந்து வெச்சிருக்கு, அதப் பாருங்க, ஆனா அது மாதிரியே பண்ணணும்னு எறங்கிராதீங்க, அது பெரிய டீமுக்கு வகுந்து வெச்சது, பால் கணக்குக்கு அத்தன மாட்யூல் வேண்டாம்.

பழசா புதுசான்னு பாக்க எங்கிட்ட ஒரு வழி இருக்கு. கோர்ஸ் பாடத் தலைப்புல ஏசிங்க்டாஸ்க் இருந்தா மூடிருங்க, அது 2020லயே டெப்ரிகேட் ஆயிருச்சு, அதான் இனிமே வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க. காட்லின் சிந்தெடிக்ஸ்னு வந்தாலும் அப்படித்தான். ஏஐ கிட்ட கோடு கேட்டாலும் இதே சோதனையப் போடுங்க, அதுவும் பழசத்தான் மொதல்ல நீட்டும், லைப்ரரி வெர்ஷன் நம்பர அஃபிஷியல் ரிலீஸ் பக்கத்துல பாத்துட்டுத்தான் போடணும்.

கடல்காத்து:

நான் சென்னை. ஐஓஎஸ் பக்கம் இருக்கேன், கர்நாடக சங்கீதம் கத்துக்கற குழந்தைங்களுக்கு சுருதி, தாளம் ஆப் பண்றேன். தம்பி, நீங்க இப்போதைக்கு ஐபோன் பக்கம் வர வேண்டாம்னுதான் சொல்வேன், உங்க ஆளுங்க எல்லாரும் ஆண்ட்ராய்டு போன்தான் வெச்சிருப்பாங்க, மேக் வாங்கணும், வருஷம் 99 டாலர் கட்டணும், அந்தக் காசுக்குத் தீவனம் வாங்கலாம். ஆனா இந்த த்ரெட்ட ஐஓஎஸ் ஆளுங்களும் படிப்பாங்கங்கறதால சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்.

ஆப்பிள் டெவலப்பர் தளத்துல அப்கமிங் ரிக்வயர்மெண்ட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, அவ்ளோதான், அந்த ஒரு பக்கத்த பாத்துட்டு இருந்தா போதும். 2025 ஏப்ரல் 24ல இருந்து எக்ஸ்கோட் 16ல, அதான் ஆப்பிளோட ஆப் பண்ற மென்பொருள்ல, பில்டு பண்ணாத்தான் ஏத்த முடியும்னு வந்தது அங்கதான் மாசக்கணக்கா முன்னாடியே இருந்தது. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஐஓஎஸ் டெவ் வீக்லி படிக்கிறேன், 2011ல இருந்து வருது. படிக்கறதுக்குப் பால் ஹட்சனோட 100 டேஸ் ஆஃப் ஸ்விஃப்ட்யூஐ இலவசம், ஸ்டான்ஃபோர்டு சிஎஸ்193பி லெக்சரும் இலவசம். முதல்ல 100 நாள் பண்ணிட்டு அப்புறம் ஸ்டான்ஃபோர்டு பாருங்க, மாத்திப் பண்ணா நடுவுல விட்ருவீங்க, நான் அப்படித்தான் ரெண்டு தடவை விட்டேன்.

இப்ப உங்களுக்கு, தம்பி. 12 பேர் விஷயம். இந்த ரூல் 2023 நவம்பர் 13க்கு அப்புறம் திறந்த பர்சனல் அக்கவுண்ட்டுக்கு மட்டும்தான், முதல்ல 20 பேர்னு இருந்தது, 2024 டிசம்பர்லதான் 12 ஆச்சு. ஆர்கனைசேஷன் அக்கவுண்ட்டுக்கு இது கிடையாது, ஆனா அதுக்கு டன்ஸ் நம்பர், அதான் தொழில்களுக்குக் குடுக்கற அடையாள எண், வேணும், உங்க பேர்ல ஒரு பதிவு செஞ்ச தொழில் இருக்கணும்.

நான் அந்த வழிக்குப் போனது 12 பேருக்காக இல்ல. பர்சனல் அக்கவுண்ட்ல ஆப்ல காசு வாங்க ஆரம்பிச்சா உங்க முழு முகவரி ப்ளே ஸ்டோர் பக்கத்துல யார் வேணா பாக்கற மாதிரி வந்துடும். நான் ஆண்ட்ராய்டுலயும் ஒரு வெர்ஷன் போட்டப்ப வீட்டு முகவரி, கதவு எண்ணோட அங்க வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் யோசிச்சேன். தனியா இருக்கற பொண்ணுங்க இத காசு வாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யோசிங்க, தயவுசெஞ்சு. நான் தொழிலப் பதிவு பண்ணி, அப்பாவோட கடை முகவரிய ஆபீஸ் முகவரியா வெச்சு ஆர்கனைசேஷன் அக்கவுண்ட் திறந்தேன்.

நீங்க பர்சனல்லயே இருக்கலாம். ஆனா டெஸ்டர்ங்கள டெலிகிராம் குரூப்ல மாத்தி மாத்திப் பிடிக்காதீங்க, நீ என் ஆப்ப போடு நான் உன் ஆப்ப போடறேன்னு. அவங்க இன்ஸ்டால் பண்ணிட்டுத் திறக்கவே மாட்டாங்க, கடைசியா ப்ரொடக்‌ஷனுக்கு அப்ளை பண்றப்ப என்ன ஃபீட்பேக் வந்தது, என்ன மாத்தினீங்கன்னு கேள்வி வரும், சொல்ல ஒண்ணும் இருக்காது. உங்க சொசைட்டிலயே ஆள் இருக்காங்களே. ஒண்ணு மட்டும் கவனம், லிங்க்கத் தட்டி டெஸ்டரா சேர்றேன்னு அவங்க ஒத்துக்கணும், அந்த போன்ல ப்ளே ஸ்டோர்ல எந்த ஜிமெயில் இருக்கோ அதே ஜிமெயில்தான் உங்க லிஸ்ட்ல இருக்கணும். பாதிப் பேருக்கு அவங்க ஜிமெயில் என்னன்னே தெரியாது, கடைக்காரர் போட்டுக் குடுத்திருப்பார். நேர்ல போய் போன வாங்கிப் பாத்து எழுதிக்கங்க. 12 பேர் சரியா வெச்சுக்காதீங்க, நடுவுல யாராவது வெளிய போனா எண்ணிக்கை குறைஞ்சிடும், பதினஞ்சு பேர் வெச்சுக்கங்க.

பனங்காடு:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், தமிழ்ச் சொல் விளையாட்டு ஆப் ஒண்டு செய்திருக்கிறன். எல்லாரும் செய்தி, கோர்ஸ் எண்டு நல்லா சொல்லிப்போட்டினம், நான் ஒரு கோர்ஸிலயும் வராத விசயம் ஒண்டு சொல்லுறன். உங்கட ஆப்பில மாட்டின்ர பேர், ஆக்களின்ர பேர் தமிழில எழுதலாம்தானே? அப்ப இது உங்களுக்கு வேணும்.

காட்லினில "தமிழ்" எண்ட சொல்லின்ர லெங்த் கேட்டுப் பாருங்கோ, 5 எண்டு வரும். எங்கட கண்ணுக்கு த, மி, ழ் மூண்டு எழுத்து. அது மி இல இருக்கிற விசிறியையும் ழ் இல இருக்கிற குத்தையும் தனித்தனியா எண்ணுது. ஆப்பிளின்ர ஸ்விஃப்ட் மொழியில கவுண்ட் கேட்டா 3 எண்டுதான் சொல்லும், அது எழுத்தை எழுத்தாப் பாக்குது. நான் முதல் வெர்ஷனில பேரின்ர முதல் எழுத்தை வட்டத்துக்க போடுறதுக்கு முதல் கேரக்டரை மட்டும் எடுத்தன், மீனாட்சி எண்டவவுக்கு ம எண்டு வந்திட்டுது, கோமதிக்கு க எண்டு வந்திட்டுது. பிரேக் இட்டரேட்டர் எண்டு ஆண்ட்ராய்டில ஏற்கனவே இருக்குது, அதால எழுத்து எழுத்தா வெட்ட வேணும்.

தேடல் இதைவிடக் கரைச்சல். கொ எண்ட எழுத்தில க வோட சேர்ற ஒ குறியை ஒரே குறியாவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு முன்னுக்கு, கால் பின்னுக்கு எண்டு ரெண்டு குறியாவும் வைக்கலாம். திரையில ரெண்டும் ஒண்டுதான், கண்ணால பாத்து ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது. ஆனா டேட்டாபேஸுக்கு அது வேற இது வேற. ஒரு கீபோர்டில அடிச்சுச் சேமிச்சதை இன்னொரு கீபோர்டில அடிச்சுத் தேடினா இல்லை எண்டு சொல்லும். ஜாவாவில நார்மலைசர் இருக்குது, என்எஃப்சி எண்ட ஒரே சீரான வடிவத்துக்கு மாத்திப்போட்டுச் சேமியுங்கோ, தேடேக்கையும் அப்பிடியே மாத்திப்போட்டுத் தேடுங்கோ. ஔவையாரை ஒ போட்டு ள போட்டு அடிக்கிற ஆக்களும் இருக்கினம், அது நார்மலைசராலயும் சரிவராது, அதை நீங்களாத்தான் பாக்க வேணும்.

பேர் வரிசையும் அப்பிடித்தான். டேட்டாபேஸில வரிசைப்படுத்த சும்மா ஆர்டர் பை போட்டா யூனிகோட் எண் வரிசையில வரும், ந முடிஞ்ச கையோட ன வரும், ச வுக்கும் ஞ வுக்கும் நடுவில ஜ வந்து நிக்கும். ரூமில காலம் இன்ஃபோவில, அதாவது டேபிளின்ர நெடுவரிசைக் குறிப்பில, லோக்கலைஸ்ட் எண்டு கொலேட் (வரிசை முறை) போடலாம்.

இதுகளை நான் பாடம் பாத்துப் படிக்கேல்லை. யூனிகோட் தளத்தில தமிழ் எழுத்து அட்டவணையை எடுத்து வச்சுக்கொண்டு, ஒவ்வொரு பிழையா வரேக்க ஒவ்வொண்டாப் பாத்ததுதான். அந்த ரெண்டு பக்க அட்டவணையை பிரிண்ட் எடுத்துச் சுவரில ஒட்டுங்கோ.

வைகை_வடகரை:

எல்லாம் கரெக்ட்டா சொல்லிட்டாங்க, ஆனா நான் ஒரு விஷயத்துல நொய்யல் அண்ணன்கிட்ட மாறுபடறேன். ரூல் மாறறது, நியூஸ்லெட்டர் எல்லாம் ரெண்டாவதுண்ணே. தம்பி ஆப்புல இருக்கறது கணக்கு, அடுத்தவங்க காசுக் கணக்கு. அவரு முதல்ல கத்துக்க வேண்டியது டேட்டா போகாம பாத்துக்கறதுதான்.

நான் மதுரைல மகளிர் குழு சீட்டுக் கணக்குக்கு ஒரு ஆப் பண்ணேன். முந்நூறு பேரு கிட்ட உபயோகிச்சாங்க. ஒரு டியூட்டோரியல்ல பாத்து ரூம் டேட்டாபேஸ் பில்டர்ல ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்னு ஒரு வரி போட்டிருந்தேன், கிராஷ் ஆகாம இருக்கும்னு அதுல சொன்னாங்க, சரின்னு போட்டுட்டேன். ஆறு மாசம் கழிச்சு டேபிள்ல ஒரு காலம் (நெடுவரிசை) புதுசா சேத்தேன், வெர்ஷன் நம்பர ஒண்ணு கூட்டுனேன், அப்டேட் விட்டேன். அந்த வரிக்கு அர்த்தம் என்னன்னா, பழைய டேபிள எப்படி மாத்தறதுன்னு நீ சொல்லலேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா கட்டிக்கிறேன்னு. அப்டேட் போன அத்தன போன்லயும் கணக்கு காலி. செல்லூர்ல ஒரு அக்கா, பதினெட்டு மாசக் கணக்கு வெச்சிருந்தவங்க, போன் பண்ணி திட்டக்கூட இல்ல, தம்பி எங்கயாச்சும் இருக்குமா கொஞ்சம் பாருங்கன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு இன்னும் அந்தக் குரல் காதுல இருக்கு. நேர்ல போயி, அவங்க பாஸ்புக்கயும் சில்லறைச் சீட்டுகளையும் வெச்சு மூணு நாள் உக்காந்து திரும்ப ஏத்திக் குடுத்தேன். மத்தவங்களுக்கு அதுவும் செய்ய முடியல.

அதனால தம்பி, அந்த வரி உங்க கோட்ல இருக்கான்னு இன்னைக்கே தேடுங்க. இருந்தா எடுங்க. எக்ஸ்போர்ட் ஸ்கீமாவ ஆன் பண்ணி, ஒவ்வொரு வெர்ஷன் ஸ்கீமா ஃபைலயும், அதான் டேபிள் அமைப்ப எழுதி வெக்கற ஃபைல, கோடு மாறறதப் பதிஞ்சு வெக்கற கிட்ல கமிட் பண்ணுங்க, பழைய டேபிளப் புதுசா மாத்தற மைக்ரேஷன் கையால எழுதி மைக்ரேஷன் டெஸ்ட் ஹெல்பர் வெச்சு ஓட்டிப் பாருங்க, அஃபிஷியல் டாக்குமெண்டேஷன்ல ரூம் மைக்ரேஷன்னு ஒரு பக்கம் இருக்கு, அத வரி விடாமப் படிங்க. அப்டேட்ட ஒரே அடியா எல்லாருக்கும் விடாம ஸ்டேஜ்டு ரோல்அவுட்ல அஞ்சு பர்சென்ட், இருபது பர்சென்ட்னு விடுங்க, தப்பு தெரிஞ்சா நிறுத்திக்கலாம். ஆட்டோ பேக்கப் இருக்கு, 25 எம்பி வரைக்கும் அவங்க கூகுள் ட்ரைவ்ல போகும், ஆனா அத மட்டும் நம்பாதீங்க, எக்ஸலுக்கோ சிஎஸ்விக்கோ எடுக்கற மாதிரி ஒரு பட்டன் வெச்சுக் குடுங்க, கணக்கு அவங்களோடது.

பைசா வித்தியாசத்துக்கு வர்றேன். டபுள தூக்குங்க. தொகைய பைசால லாங்கா, அதான் முழு எண்ணா, வைங்க, லிட்டர மில்லிலிட்டர்ல வைங்க, பெருக்கற எடத்துல மட்டும் தசமத்தத் துல்லியமா வெக்கற பிக் டெசிமல். ஆனா டபுளால மட்டும் ஒரு ரூபா வித்தியாசம் வராது, அது வரதுக்கு வேற காரணம் இருக்கணும். 3.7 லிட்டர், ரேட் 38.45னு வெச்சுக்கங்க, 142.265 வருது. இத சொசைட்டில 142.27ன்னு போடறாங்களா, 142.26ன்னா, 142.20ன்னா? வேளைக்கு வேளை முழுசாக்கறாங்களா, பத்து நாள் மொத்தத்துக்கா? எந்த கோர்ஸும் இத சொல்லித்தராது. சீட்டு போடறவர்கிட்டதான் கேக்கணும்.

ஒட்டன்சத்திரம்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரம் கழிச்சு வர்றேன், ஏன்னா எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதணும்னு நினைச்சேன்.

வைகை அண்ணா, நீங்க சொன்ன அன்னைக்கு ராத்திரியே தேடினேன், அந்த வரி என் கோட்லயும் இருந்துச்சு. கை நடுங்கிருச்சு. இன்னும் வெர்ஷன் 1லயே இருந்ததால அம்மா கணக்குக்கு ஒண்ணும் ஆகல. எடுத்துட்டேன்.

மறுநாள் காலைல அஞ்சரைக்கு அம்மாகூட சொசைட்டிக்குப் போனேன். வழக்கமா நான் போறதில்ல. கடல்காத்து அக்கா சொன்ன மாதிரி ஒவ்வொருத்தர் போனா வாங்கி ப்ளே ஸ்டோர்ல ஜிமெயில் பாத்து எழுதினேன், பதினாறு பேர் சேந்தாங்க, ரெண்டு பேருக்கு போன்ல ரெண்டு மூணு ஜிமெயில் இருந்துச்சு, எதுல ஸ்டோர் திறக்குதுன்னு பாத்து சேத்தேன். இன்னைக்கு ஆறாவது நாள். அங்கயே நின்னு பாத்ததுல ஒண்ணு புரிஞ்சது, பால் ஊத்திட்டு வர்றப்ப எல்லார் கையும் ஈரம், டச் எடுக்கவே மாட்டேங்குது, நான் வெச்ச சின்னச் சின்ன பாக்ஸ் எதுலயும் விரல் சரியா விழல. வீட்ல அம்மா கைய தொடச்சிட்டு உக்காந்து எழுதறதால இது எனக்குத் தெரியாமலே போச்சு. இப்ப ஒரு ஸ்க்ரீன்ல ஒரே கேள்வி, பெரிய நம்பர் பேடுன்னு மாத்திட்டேன். அதோட 35 டார்கெட்ல கீழ இருந்த பட்டன் மறையறதும் ஒரு அண்ணனோட புது போன்ல பாத்தேன், ஸ்காஃபோல்டு பேடிங் போட்டதும் சரியாச்சு.

பனங்காடு ஐயா, எங்க மாட்டுல ஒண்ணு பேரு கோமதியேதான்! வட்டத்துக்குள்ள க னுதான் இருந்துச்சு, அம்மா அத ஒண்ணும் சொல்லல, நானும் கவனிக்கல. இப்ப கோ வருது.

பைசா விஷயம் சீட்டு போடற அண்ணன்கிட்ட கேட்டேன். வேளைக்கு வேளை, பத்து பைசாவுக்குக் கீழ இருக்கறத விட்டுட்டுத்தான் போடறது, ரொம்ப வருஷமா அப்படித்தான்னு சொன்னாரு. பத்து நாளைக்கு இருபது வேளை, வேளைக்கு நாலஞ்சு பைசா, கணக்கு அப்படியே ஒத்து வருது. அம்மா பீரோல பழைய சீட்டு எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தாங்க, அதுல மூணு பட்டுவாடா சீட்ட எடுத்து அறுபது வேளையையும், கோடு சரியா கணக்கு போடுதான்னு தானா பாக்கற யூனிட் டெஸ்டா எழுதிட்டேன். மூணும் பைசா சுத்தமா ஒத்துப் போகுது. வேற சொசைட்டில வேற மாதிரி இருக்கலாம்ங்கறதால முழுசாக்கறத செட்டிங்ஸ்ல வெச்சிருக்கேன்.

ஆண்ட்ராய்டு வீக்லி மட்டும் சேந்திருக்கேன். கோர்ஸ்ல ரூம் பகுதி ஆரம்பிச்சாச்சு. ஒரு அக்கா மாடு சினை பிடிச்ச தேதி, ஊசி போட்ட தேதியும் எழுத இடம் வேணும்னு கேக்கறாங்க, அதுக்குப் புது டேபிள் வேணும், முதல் மைக்ரேஷன் அதுதான்.

வைகை_வடகரை:

தம்பி, டேபிள தொடறதுக்கு முன்னாடி வெர்ஷன் 1 ஸ்கீமா ஃபைல கமிட் பண்ணிருங்க. மாத்துனதுக்கு அப்புறம் அத திரும்ப எடுக்கறது கஷ்டம். மைக்ரேஷன் எழுதிட்டு இங்க போடுங்க, நான் ஒருதடவை பாத்துத் தர்றேன்.